எட்டுச் சக்கரத்தின் மேல் ஒரு சுவர்

ரோலர் டெர்பியில் பந்து கிடையாது, கோல் கம்பமும் கிடையாது. நீள்வட்டமான ஒரு தடம், அதில் ரோலர் ஸ்கேட் கட்டிய பத்துப் பேர். அணிக்கு ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருத்தியின் ஹெல்மெட்டில் மட்டும் நட்சத்திரம் பதித்த உறை இருக்கும். அவள்தான் ஜாமர். புள்ளி எடுப்பது அவள் ஒருத்தியின் வேலை. மற்ற நால்வரும் பிளாக்கர்கள்.

விசில் ஊதியதும் இரண்டு அணி ஜாமர்களும் பின்னாலிருந்து கிளம்பி, முன்னால் நெருக்கியடித்து நிற்கும் எட்டுப் பிளாக்கர்களுக்கு நடுவே புகுந்து வெளியே வர வேண்டும். முதல் தடவைக்குப் புள்ளி இல்லை. தடத்தைச் சுற்றி வந்து மறுபடி அந்தக் கூட்டத்துக்குள் நுழையும்போதுதான் கணக்கு ஆரம்பம்: முறையாகத் தாண்டும் ஒவ்வொரு எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி. இப்படி ஒரு ஓட்டத்துக்கு ஜாம் என்று பெயர். அதிகபட்சம் 2 நிமிடம் நீடிக்கும். 30 விநாடி இடைவெளி விட்டு அடுத்த ஜாம். 30 நிமிடப் பாதிகள் இரண்டும் முடியும்வரை இதே கதிதான்.

சடுகுடுவில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பாடிப் போகும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாடிப் போகின்றன. ஆகவே ஒரு பிளாக்கர் எதிரணி ஜாமரை இடுப்பால் மறித்துக்கொண்டிருக்கும் அதே நொடியில், தன் அணி ஜாமருக்கு வழியும் திறந்துவிட வேண்டும். தாக்குதலும் தற்காப்பும் ஒரே உடம்பில் ஒரே கணத்தில் நடக்கின்றன. இந்த விளையாட்டில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

வேகத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். பல நேரங்களில் கூட்டம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் சக்கரத்தின் மேல் நிற்பது லேசான காரியமா? முன்னோக்கி உருளச் சக்கரத்துக்கு மிகச் சிறிய விசையே போதும். பின்னாலிருந்து ஒருத்தி தோளைக் கொடுத்து அழுத்தினால், மறிக்க நிற்பவளும் சேர்ந்து உருண்டுபோக வேண்டியதுதான். அதற்கு மாற்று சக்கரத்திலேயே இருக்கிறது. முன்னோக்கி அவ்வளவு சுலபமாக உருளும் சக்கரம், பக்கவாட்டில் தள்ளினால் உருளாது. தரையோடு தேய்த்துக்கொண்டுதான் நகரும். பிளாக்கர் கால்களை அகட்டி, கால் விரல்களை உள்பக்கம் திருப்பி, குதிகால்களை வெளியே அழுத்துகிறாள். எட்டுச் சக்கரங்களும் குறுக்கே விழுந்து பிரேக் ஆகிவிடுகின்றன. முழங்காலை மடக்கித் தாழ்ந்து உட்காரும்போது உடலின் எடைமையம் இறங்குகிறது. இடித்தாலும் சாய்ப்பது கடினம்.

இப்படி இருவர் தோளோடு தோள் ஒட்டி நிற்க, மூன்றாமவள் அவர்களைப் பார்த்தபடி திரும்பி நின்று, கைகளால் இருவரையும் தாங்கிக்கொள்வாள். ஸ்கேட்டின் மூக்கில் இருக்கும் ரப்பர் கட்டையைத் தரையில் ஊன்றிக்கொள்வாள். வருகிற ஜாமரைப் பார்த்து, இடமா வலமா என்று சொல்வதும் அவள்தான். ஜாமர் தேடுவது இருவருக்கும் நடுவே உள்ள இடுக்கை. இடுக்கு கிடைக்காவிட்டால் வளைவின் உள்மூலையைக் காற்றிலேயே தாவிக் கடந்து, கோட்டுக்குள் காலை ஊன்றப் பார்ப்பாள். முழங்கையால் இடிப்பது, முதுகில் இடிப்பது, தலையைத் தாக்குவது எல்லாம் குற்றம். செய்தவர் 30 விநாடி வெளியே உட்கார வேண்டும்.

இந்த நெளிவு சுளிவுக்கெல்லாம் வழி திறந்தவர் ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்ற அமெரிக்கர். அதற்கு முந்தைய ஸ்கேட்டுகளில் நேராகப் போகலாம், திரும்புவதுதான் பெரும்பாடு. 1863-இல் அவர் அச்சுக்கும் காலடிப் பலகைக்கும் நடுவே ரப்பர் மெத்தை வைத்தார். உடலை ஒரு பக்கம் சாய்த்தால் அச்சுகளும் அந்தப் பக்கம் திரும்பின. இன்றைய டெர்பி ஸ்கேட்டும் அதே தத்துவத்தில்தான் திரும்புகிறது.

விளையாட்டு பிறந்தது 1935-இல், சிகாகோவில். லியோ செல்ட்ஸர் என்பவர் ஆணும் பெண்ணும் ஜோடியாக, அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் தூரத்தை அரங்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கடக்கும் நெடும்போட்டி ஒன்றை நடத்தினார். முந்தும்போது நேர்ந்த மோதல்களைத்தான் கூட்டம் ரசித்தது. மோதலே பிறகு ஆட்டமாயிற்று. தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்து, 1973-இல் கடையைக் கட்டியது. 2000-களின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பெண்கள் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். பழைய ஆட்டத்துக்குச் சரிவாகக் கட்டிய மரத்தடம் வேண்டும். சமதளத் தடத்துக்கு ஒரு கூடமும் கயிறும் டேப்பும் போதும். செலவு குறைந்ததால்தான் இது ஊர் ஊராகப் பரவியது. விதிகளை வகுக்கும் பெண்கள் சங்கத்தையும் ஆடுபவர்களே நடத்துகிறார்கள். 2011-இல் டொரான்டோவில் முதல் உலகக் கோப்பை நடந்தது.

விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஜாமரை ஒரு பிளாக்கர் தடத்துக்கு வெளியே தள்ளிவிட்டால், ஜாமர் அந்த பிளாக்கருக்குப் பின்னால்தான் உள்ளே வர வேண்டும். உடனே அந்த பிளாக்கர் என்ன செய்வாள் தெரியுமா? ஆட்டம் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி உருண்டு போவாள். ஜாமரும் வேறு வழியில்லாமல் கோட்டுக்கு வெளியே அவளோடு பின்னால் போக வேண்டும். கூட்டத்திலிருந்து 20 அடிக்குள் இந்தச் சூழ்ச்சி செல்லும். அடித்தது ஒரே ஒரு இடி. பறிபோனதோ ஜாமர் அரும்பாடுபட்டுப் பிடித்த தூரம்.

கூட்டத்தை விட்டு முறையாக முதலில் வெளியேறும் ஜாமருக்கு ஓர் அதிகாரம் உண்டு. கைகளால் இடுப்பைத் திரும்பத் திரும்பத் தட்டினால் ஜாம் அங்கேயே முடியும். நாலு புள்ளி எடுத்தவள், எதிரணி ஜாமர் புள்ளி எடுக்கும் இடத்துக்கு வந்து சேருமுன் இடுப்பைத் தட்டிவிடுவாள். எதிரணிக்குச் சுழியம். இன்னும் இருக்கிற நேரத்தில் மேலும் நாலு எடுக்கலாமே என்ற ஆசை வரும். அந்த ஆசையில் எதிராளிக்கும் வாய்ப்பு உண்டு. வளைவில் முழு வேகத்தில் திரும்பியபடி, தோளுக்கு மேல் பார்த்து, அந்தக் கணக்கை அவள் கணநேரத்தில் போட்டாக வேண்டும்.