குழிக்கு எத்தனை விதை?

பருத்தி ஊன்றும் உழவர், குழிக்கு ஒரு விதை போதுமா, இரண்டு வேண்டுமா என வினவுவதுண்டு. விடை காண நிகழ்தகவுக் கணக்குத் துணைபுரிகின்றது.

முதற்கண் முளைப்புச் சோதனை செய்தல் வேண்டும். மூட்டையின் பல பகுதிகளிலிருந்தும் எடுத்த 100 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி வைக்க, 70 முளைத்தன எனக் கொள்வோம். ஒரு விதை முளைக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.7, முளையாதிருக்கும் நிகழ்தகவு 0.3. இவற்றின் கூட்டுத்தொகை என்றும் 1 ஆகும்.

குழிக்கு ஒரு விதை ஊன்றின், 100 குழிகளில் சராசரியாக 30 வெறுமையாகும். இரண்டு ஊன்றின், இரண்டுமே பொய்த்தாலன்றிக் குழி வெறுமையாகாது. அதன் நிகழ்தகவு 0.3 × 0.3 = 0.09, அதாவது 9 குழிகள். மூன்று ஊன்றின் 0.027; ஏறத்தாழ 3 குழிகள். இரண்டாம் விதை 21 குழிகளைக் காக்கின்றது. மூன்றாவது காப்பது 6 மட்டுமே. விதை விலை மிகுந்தவிடத்து இரண்டோடு நிறுத்தி, வெறுங்குழிகளில் மீண்டும் ஊன்றுதல் சிக்கனமாகும்.

மாணாக்கர் சிலர் 0.7, 0.7 இரண்டையும் கூட்டி 1.4 என்பர். நிகழ்தகவு 1-ஐ விஞ்சாது. இரு விதையும் முளைக்கும் நிலை (0.7 × 0.7 = 0.49) இருமுறை எண்ணப்பட்டதே பிழை. அதனைக் கழிக்க 0.91 கிடைக்கும், 1-இலிருந்து 0.09-ஐக் கழித்தாலும் அதுவே.

ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது. ஒரு விதையின் கேடு மற்றொன்றைச் சாராதபோதே பெருக்கல் பொருந்தும். மண் வறண்டால் எல்லா விதைகளும் ஒருங்கே மடியும். அந்நிலையில் விதையை மிகுதியாக்குதல் பயன் தராது. ஈரமறிந்து விதைத்தலே காப்பு.