சட்டத்தை மூலத்திலே வாசிப்போம்

சட்டம் சொல்வதை அயலவர் வாய்மொழியால் அறிவது நம்மவரிடையே பழகிப்போன வழக்கம். ‘பிரித்தானியாவிற் பிறந்த பிள்ளை தானாகவே இந்நாட்டுப் பிரசை’ என்ற கூற்றும் அவ்வாறு பரவியதே. அதனை நம்பியிருந்து, பிள்ளைக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட பின்னரே உண்மையை உணர்ந்த பெற்றோர் உளர். ஆதலின் மூல ஆவணத்தைத் தேடி வாசிக்கும் முறையை இங்கு விளக்க விழைகின்றேன்.

இந்நாட்டுச் சட்டங்களைத் தேசிய சுவடிக் காப்பகம் ‘லெஜிஸ்லேஷன்.கவ்.யூகே’ என்னும் இணையத்தளத்திற் கட்டணமின்றி வெளியிடுகின்றது. சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் ஆங்கிலத்தில் இட்டால் அது கணனித் திரையில் தோன்றும். உதாரணமாக, ‘பிரிட்டிஷ் நாஷனாலிட்டி அக்ட்’ என்பதையும் 1981 என்பதையும் இட்டுத் தேடுக.

அதன் முதலாம் பிரிவின்படி, 1983 ஜனவரி 1ஆம் திகதி தொடக்கம் இங்கு பிறந்த பிள்ளை, பிறந்த வேளையில் தாயோ தந்தையோ பிரித்தானியப் பிரசையாக அல்லது நிரந்தர வதிவுரிமை உடையவராக இருந்தாலே பொதுவாகப் பிறப்பாற் பிரசையாகும். ஏனைய பிள்ளைகளின் நிலை யாது? பெற்றோரில் ஒருவர் பின்னர் நிரந்தர வதிவுரிமை பெற்றால், பிள்ளை பதினெட்டு வயதை அடையுமுன் விண்ணப்பித்துப் பிரசையாகப் பதிவுபெறலாம் என்கின்றது மூன்றாம் உபபிரிவு. நான்காம் உபபிரிவு மற்றொரு வழியைக் காட்டுகின்றது. முதற் பத்து ஆண்டுகளில் எந்த ஓராண்டிலும் 90 நாட்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இராத பிள்ளை, பத்து வயது நிறைந்தபின் விண்ணப்பித்துப் பதிவுபெறும் உரித்துடையது.

வாசிக்கும்போது மூன்று விடயங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, இயற்றப்பட்டபோதிருந்த வடிவமும் திருத்திய வடிவமும் அங்கு உள. திருத்திய வடிவத்தையே கொள்க. இன்னும் சேர்க்கப்படாத திருத்தங்கள் உண்டென அறிவித்தல் காணப்படின் அதனையும் பார்க்க. இரண்டாவது, ஒரு பிரிவை மாத்திரம் வாசித்து முடிவு செய்தல் ஆகாது. பத்து வயதடைந்தோரின் நன்னடத்தை ஆராயப்படும் என்னும் நிபந்தனை முதலாம் பிரிவில் இல்லை. பின்னாளிற் சேர்க்கப்பட்ட 41ஏ பிரிவிலேயே உள்ளது. மூன்றாவது, பிரிவின் இலக்கத்தையும் பார்வையிட்ட திகதியையும் குறித்து, அச்சிட்டு வைத்துக்கொள்க. அது சட்டத்தரணிக்கு மாற்றீடாகாது. ஆயினும் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க உதவும்.

மாணவச் செல்வங்களே, ஆங்கிலச் சட்டத்தை வாசித்துப் பெற்றோருக்குத் தமிழில் விளக்க வல்லவர் நீங்களே. பெற்றோரே, பிள்ளையை அருகிருத்தி, ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். இருவரும் சேர்ந்து வாசிக்கும் வீட்டில் வதந்திக்கு இடமில்லை.