எனாமலை வெட்டும் ஆறு விளிம்புகள்

நம் உடம்பில் மிகக் கடினமான பொருள் எலும்பு அல்ல, பல்லின் மேலுறையான எனாமல்தான். அதன் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிமம். சொத்தை எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டைன் அடுக்கில் பரவியிருந்தாலும், அதை எடுக்கப் பெரும்பாலும் இந்த உறையைத் திறந்துதான் போக வேண்டும். திறந்து கொடுப்பது ‘பர்’ என்று பல் மருத்துவர்கள் சொல்லும் சிறு வெட்டுமுனை.

முன்பு அது எஃகில் இருந்தது. எனாமலில் எஃகு சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கிய பர் வெட்டாது, உரசும். உடனே மருத்துவர் அழுத்துவார், பல் சூடாகும், நோயாளி துடிப்பார்.

இதற்கு விடை பல் மருத்துவத்திலிருந்து வரவில்லை. பல்பு தொழிலிலிருந்து வந்தது. டங்ஸ்டன் இழையை நூல்போல் இழுக்க ஜெர்மனியில் விலையுயர்ந்த வைர அச்சுகளைப் பயன்படுத்தி வந்தார்கள். அதற்கு மாற்றுத் தேடிய ஓஸ்ராம் நிறுவனத்தின் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடுத் தூளை உலோகத்தோடு கலந்து அழுத்திச் சுட்டார். 1923-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கார்பைடு துகள்கள் கடினத்தைத் தர, கோபால்ட் அவற்றைப் பிணைத்து வைத்தது. தொழிற்சாலைக் கருவிகளில் பேர்பெற்ற இந்தப் பொருள், 1940களின் இறுதியில் பல் மருத்துவருக்கும் வந்து சேர்ந்தது.

330 என்ற எண்ணுள்ள பர் ஒன்றை உருப்பெருக்கியில் பாருங்கள். 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தண்டு, அதன் நுனியில் 0.8 மி.மீ. அகலமே உள்ள, பேரிக்காய் வடிவக் கார்பைடு தலை. தலையைச் சுற்றி ஆறு வெட்டுவிளிம்புகள். கத்தி முனைபோல மெலிந்திருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்: விளிம்பு தடித்து, பின்பக்கம் சாய்ந்திருக்கும். காரணம் உண்டு. கார்பைடு வளையாது, மெலிந்தால் சில்லாக உடைந்துவிடும். அதனால் ஒவ்வொரு விளிம்பும் துளியளவே சீவும்.

அந்தக் குறையை வேகம் ஈடுகட்டுகிறது. 1957-இல் ஜான் போர்டன் கொண்டுவந்த ஏரோட்டார் என்ற பர் சுழற்றும் கைக்கருவி, காற்றின் விசையில் நிமிடத்துக்குச் சுமார் 3,00,000 சுற்றுகள் சுழன்றது. அதாவது நொடிக்கு 5,000 சுற்று. ஆறு விளிம்புக்கு 30,000 வெட்டு. காற்றுச் சுழலிக்கு முறுக்குவிசை குறைவு என்பதால் அழுத்தினால் வேகம் சரியும். தேர்ந்த கை பல்லைத் தொடுவதுபோலத்தான் வேலை செய்யும்.

கூடவே தண்ணீர் பீய்ச்சுவது வெறும் கழுவலுக்காக அல்ல. குரங்குகளில் நடந்து 1965-இல் வெளியான ஓர் ஆய்வில், பல்லின் நடுவே நரம்புகள் உள்ள பற்கூழின் வெப்பநிலை சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோது 15 விழுக்காடு பற்கூழ்கள் மீளவில்லை. ஏரோட்டார் ஓடும்போது தண்ணீர் வராவிட்டால் நிறுத்திவிடுவதே முறை.

பேரிக்காய் வடிவமும் அழகுக்காக அல்ல. வாய் குறுகி உள்ளே சற்று விரிந்த குழி கிடைப்பதால், குழியை அடைக்கும் வெள்ளி அமால்கம் அதில் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும். மூலைகள் உருண்டிருப்பதால் மெல்லும்போது பல்லில் விரிசல் விழும் வாய்ப்பும் குறைவு. இன்று பல்லோடு ஒட்டிக்கொள்ளும் காம்போசிட் என்ற அடைப்புப் பொருள் வந்துவிட்டதால், பிடிமானத்துக்காக நல்ல பல்லை இழக்க வேண்டியதில்லை. எனக்கு இதுவே பெரிய முன்னேற்றமாகப் படுகிறது.

குழி ஆழமானதும் மருத்துவர் பெரும்பாலும் கருவியை மாற்றுவார். மெதுவாகச் சுழலும் உருண்டை பரில் மென்மையான சொத்தை செதில் செதிலாக வரும். கெட்டியான டென்டைன் தட்டுப்பட்டதும் கைக்குத் தெரியும். ஏரோட்டாரின் கீச்சென்ற ஒலி அடங்கித் தாடையில் கரகரவென்று அதிர்வு தொடங்கினால், வேலை அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அறியலாம்.