பாலை நிலத்து நீலம்

பேராக் மண் ஈயத்துக்குப் பேர்போனது. ஆனால் நம்மூர் பாசார் மாலாம்களில் வெள்ளி மோதிரத்தில் பதித்து விற்கும் பிரோசா கல் இந்த மண்ணில் விளைவதல்ல. மலாய்க்காரர்கள் பிரூஸ் என்றும் நகைக்கடைக்காரர்கள் டர்க்காய்ஸ் என்றும் சொல்வது இதைத்தான்.

வறண்ட நிலமே இதன் தாய்வீடு. எப்போதாவது பெய்யும் மழைநீர் செம்புத் தாதைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அலுமினியமும் பாஸ்பேட்டும் உள்ள பாறை வெடிப்புகளில் அது நெடுங்காலம் படிந்து கல்லாகிறது. நீலம் செம்பு தருவது. இரும்பு கலந்தால் பச்சை தட்டும். கல்லில் ஓடும் கறுப்பு, பழுப்பு வரிகள் தாய்ப்பாறையின் மிச்சம்.

சினாய் பாலைவனத்தில் எகிப்தியர்கள் ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தோண்டினார்கள். துட்டன்காமனின் தங்க முகமூடியிலும் இது உண்டு. ஈரானின் நிஷாப்பூர் நீலத்துக்குத்தான் இன்றும் தனி மதிப்பு. அமெரிக்காவின் அரிசோனாவில் வரியே இல்லாத வான்நீலம் தந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ சுரங்கம் 2012இல் இக்கல் எடுப்பதை நிறுத்தியபின் அதன் விலை ஏறியது.

நவரத்தினத்தில் பிரோசாவுக்கு இடமில்லை. ஆனால் லடாக்கில் அதற்கு இருக்கும் மரியாதையைப் பாருங்கள். அங்கே பெண்கள் விசேஷ நாள்களில் பெராக் என்ற தலையணியைச் சூடுகிறார்கள் (நம் மாநிலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை). நெற்றியிலிருந்து முதுகுவரை தொங்கும் தோல்பட்டையில் வரிசை வரிசையாகப் பிரோசா. வரிசை கூடக் கூடக் குடும்பத்தின் செல்வாக்கும் கூடுதல் என்று பொருள். தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும் சீதனம் அது. வைரம்போல் ஒளியை வாரி இறைக்காமல், நிறம் ஒன்றையே நம்பி நிற்கும் கல்லுக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

பிரோசா நுண்துளைகள் உள்ள கல். கடினத்தன்மை 5 முதல் 6 வரைதான். வியர்வை, எண்ணெய், வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் உறிஞ்சி நிறம் மாறும். உடையவருக்கு ஆபத்து வந்தால் கல் வெளிறும் என்ற பழைய நம்பிக்கை இதனால் பிறந்திருக்கலாம். சுங்காய் போன்ற புழுக்கமான ஊரில் அணிபவர்கள், வேலைக்கும் குளிக்கவும் போகுமுன் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதும் மென்துணியால் துடைத்து வையுங்கள்.

மென்மையான கல்லுக்குப் பிசின் ஏற்றி உறுதியாக்குவது வழக்கம். சொல்லி விற்றால் அதில் தவறில்லை. ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயமேற்றிப் பிரோசா என்பதுதான் ஏமாற்று. மணிமாலையானால் துளையின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் சந்தேகப்படலாம். இயற்கையா, பிசின் ஏற்றியதா, சாயமா என்று கேட்டு, அந்தப் பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.