கேமிங் லேப்டாப் வேண்டாம், முதல்ல சவுண்ட் கார்டு

இந்த எபிசோட் முழுக்க ஒரு மெயிலுக்கான பதில்தான். எழுதினவங்க சென்னையில வேலை பார்க்கிறாங்க, பாடுவாங்க, வீணையும் வாசிப்பாங்க. வீட்டிலேயே ரெக்கார்ட் பண்றதுக்காக 90,000 ரூபாய் சேர்த்து வெச்சிருக்காங்க. இப்போ கையில இருக்கிறது ஆறு வருஷப் பழைய ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம். அதைக் கொடுத்துட்டு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிடலாமா, மிச்சக் காசுல மைக்கும் சவுண்ட் கார்டும் பார்த்துக்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம். ஏன்னு விளக்கமா சொல்றேன், ஏன்னா இதே திட்டத்தோட இன்னும் நிறைய பேர் இருப்பீங்க.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ஒரு மைக்கிலேர்ந்து வர்ற ஒலியை விநாடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 24 பிட்டா எழுதறோம். 24 பிட்னா 3 பைட். ஆக விநாடிக்கு 1,44,000 பைட். எட்டு டிராக் ஒரே நேரத்தில ஓடினாலும் விநாடிக்கு 1.2 எம்பி கூட வராது. நீங்க யூட்யூப்ல 4கே வீடியோ பார்க்கும்போது உங்க லேப்டாப் இதைவிட அதிகமா வேலை செய்யுது. அதனால ஒலியைப் பதிவு பண்ணி டிஸ்க்கில எழுதறது எந்தக் கம்ப்யூட்டருக்கும் பெரிய வேலை கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு இதில வேலையே இல்லை.

அப்போ கஷ்டம் எங்க வருது? நேரத்தில.

நீங்க ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு பாடறீங்க. குரல் மைக்குக்குள்ள போய், எண்ணா மாறி, கம்ப்யூட்டருக்குப் போய், சாஃப்ட்வேர்ல கொஞ்சம் ரிவெர்ப் சேர்ந்து, திரும்ப ஒலியா மாறி உங்க காதுக்கு வரணும். இந்தச் சுத்துக்கு ஆகிற நேரத்துக்குப் பேர் லேட்டன்சி. கம்ப்யூட்டர் ஒவ்வொரு சாம்பிளையும் தனித்தனியா எடுத்துட்டு ஓடாது. ஒரு வாளியில சேர்த்து வெச்சு மொத்தமா தூக்கும். அந்த வாளிதான் பஃபர்.

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. பெரிய வாளியில சாம்பார் எடுத்துட்டு வந்தா பரிமாறுறவர் நிதானமா நடக்கலாம், ஆனா வாளி நிறையற வரைக்கும் பந்தி காத்திருக்கணும். சின்ன வாளின்னா சீக்கிரம் வந்துடும், ஆனா சமையல்கட்டுக்கும் பந்திக்கும் ஓடிக்கிட்டே இருக்கணும். ஒரு நடை தாமதமானா யாரோ ஒருத்தர் இலை காலி. ரெக்கார்டிங்ல அந்தக் காலி இலைதான் "டிக்", "டப்"னு நடுவில கேட்கிற சத்தம்.

எண்ணுல சொன்னா, 48,000 சாம்பிள் ரேட்ல 128 சாம்பிள் பஃபர்னா 2.7 மில்லி செகண்ட். 256னா 5.3. 1024னா 21.3. உள்ள வர ஒரு வாளி, வெளிய போக ஒரு வாளி, அதனால ரெண்டால பெருக்கணும். அதுக்கு மேல இண்டர்ஃபேஸ் எடுத்துக்கிற நேரம் கொஞ்சம். 1024ல பாடினா, சுமார் 14 மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கர்லேர்ந்து உங்க குரலையே நீங்க கேட்கிற மாதிரி இருக்கும். தாளம் நிச்சயம் விலகும். 10 மில்லி செகண்ட் பக்கம் வரும்போதே பாடறவங்க பலருக்கு ஏதோ உறுத்தும், ஏன்னா சொந்தக் குரல் எலும்பு வழியா உடனே காதுக்கு வந்துடுது, ஹெட்ஃபோன் குரல் பின்னாடியே வந்து மோதுது.

ஆபீஸ்ல என் டெட்லைன் ரெண்டு நாள் தள்ளிப் போனா ஒரு மீட்டிங் போட்டுப் பேசிக்கலாம். இங்க டெட்லைன் 2.7 மில்லி செகண்ட். அதுவும் ஒவ்வொரு வாளிக்கும்.

இந்த டெட்லைனைப் பிடிக்கிறதுல பிராசஸர் வேகத்தைவிட டிரைவருக்குப் பங்கு அதிகம். விண்டோஸோட வழக்கமான ஒலிப் பாதை சுத்துவழி. அதைத் தாண்டி நேரா போறதுக்கு 1997ல ஸ்டைன்பெர்க் கம்பெனி கொண்டு வந்ததுதான் ஆசியோ. இண்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தன் கருவிக்குன்னே எழுதின ஆசியோ டிரைவர் கொடுக்கிறாரா, அதை இன்னும் அப்டேட் பண்றாரா என்பதைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். பெட்டிமேல "192 கிலோஹெர்ட்ஸ்"னு போட்டிருக்கிறதை விட்டுடுங்க. மனுஷக் காது கேட்கிறது 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான், அதுக்கு 48 தாராளம். "யு.எஸ்.பி-சி"ன்னு போட்டிருக்கிறதும் சாக்கெட்டோட வடிவம் மட்டும்தான். ரெண்டு சேனலுக்குப் பழைய யு.எஸ்.பி 2.0 வேகத்தில நூத்துல ஒரு பங்கு போதும்.

மேக்ல இந்தத் தலைவலி குறைவு, கோர் ஆடியோ சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கு. புதுசா வாங்கியே ஆகணும்னு இருக்கிறவங்களுக்கு என் ஓட்டு மேக்புக் ஏர். 2020ல வந்த எம்1 மாடல்லேர்ந்து அதில ஃபேனே கிடையாது. ஆனா ரேமைப் பின்னாடி கூட்ட முடியாது, வாங்கும்போதே யோசிச்சுக்கணும். கேமிங் லேப்டாப் இதுக்கு நேரெதிர். சூடாகும், ஃபேன் கத்தும், நீங்க மூணடி தூரத்தில கண்டென்சர் மைக் வெச்சிருப்பீங்க. வீணையோட கமகம் தேஞ்சு அடங்கற இடத்தில ஃபேன் சத்தம் மட்டும் மிஞ்சும்.

இனி மெயில் எழுதினவங்களுக்கு. லேப்டாப் அப்படியே இருக்கட்டும். பின்பக்கம் கழட்டற மாடலா இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல 16 ஜிபி ஆக்கிடுங்க, பழைய ஹார்ட் டிஸ்க்னா எஸ்.எஸ்.டி போட்டுடுங்க. குரல், வீணை, தம்பூரா, ஒரு தாளவாத்தியம் இவ்வளவுக்கு இது போதும். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா சாம்பிள் லைப்ரரி எல்லாம் ஓட்டறவங்களுக்கு 32 ஜிபி வேணும், அது வேற கதை. சாஃப்ட்வேருக்கு ரீப்பர் பாருங்க, பழைய மெஷின்ல லேசா ஓடும், 60 நாள் காசில்லாம பார்க்கலாம்.

இண்டர்ஃபேஸ்ல மைக் இன்புட் எத்தனைன்னு எண்ணுங்க. இதுல பலர் ஏமாறுவாங்க. "2 இன்புட்"னு எழுதியிருக்கும், ஆனா ஒண்ணுதான் மைக்குக்கு, இன்னொண்ணு கிட்டாருக்கு. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ அந்த வகை, அதே குடும்பத்தில 2ஐ2ல மைக் ரெண்டு போடலாம். பாடிக்கிட்டே வீணை வாசிக்க உங்களுக்கு ரெண்டு மைக் வேணும். நாளைக்கு மிருதங்கம் வந்தாலும் வலந்தலைக்கு ஒண்ணு, தொப்பிக்கு ஒண்ணு. ரெண்டு யு.எஸ்.பி மைக் வாங்கிச் சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க. ரெண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம், நீளமான பாட்டுல மெதுவா விலகும்.

கண்டென்சர் மைக்னா 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேணும், பார்த்து வாங்குங்க. அடுத்து, டைரக்ட் மானிட்டர். அந்தப் பட்டனைப் போட்டா உங்க குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமலே இண்டர்ஃபேஸ்லேர்ந்து நேரா ஹெட்ஃபோனுக்கு வரும். பஃபரை 1024ல விட்டுட்டு நிம்மதியா பாடலாம், பழைய லேப்டாப்பும் மூச்சு விடும். ரிவெர்ப் மட்டும் அப்போ உங்க குரலோட வராது, பின்னாடி சேர்த்துக்கலாம். சுருதி ஆப்பையும் ஹெட்ஃபோன்லயே கேளுங்க, மைக்குக்குள்ள போனா பிரிச்சு எடுக்க முடியாது.

லேப்டாப்பைத் தொட்டா கையில சுரீர்னு லேசா ஷாக் அடிக்குதா? ரெக்கார்டிங்ல "உம்ம்"னு இரைச்சலும் வருதா? சார்ஜரைக் கழட்டிட்டு ஒரு டேக் எடுத்துப் பாருங்க. நின்னுடுச்சுன்னா சவுண்ட் கார்டு மேல தப்பில்லை, வீட்டு எர்த்திங்கைப் பார்க்கணும்.

கருவி வீட்டுக்கு வந்த அன்னைக்கே, திருப்பிக் கொடுக்கிற கெடு முடியறதுக்குள்ள, ஒரு சோதனை பண்ணுங்க. பஃபரை 128ல வெச்சு அரை மணி நேரம் பதிவு ஓடட்டும். டிக் டப் வந்தா முதல்ல வை-ஃபையை அணைச்சு, பவர் செட்டிங்கை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வெச்சு திரும்பப் பாருங்க. லேட்டன்சிமான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, எந்த டிரைவர் இடையில மறிக்குதுன்னு பேரோட காட்டும். 256லயும் அடங்கலைன்னா கருவியைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

மிச்சப் பணத்தில மைக், ஸ்டாண்ட், காதை முழுசா மூடற ஹெட்ஃபோன். அதுக்கப்புறமும் கொஞ்சம் மிஞ்சும், அதைச் செலவு பண்ணிடாதீங்க. அடுத்த எபிசோட்ல ரூமைப் பத்திப் பேசப்போறோம். ஜன்னல், மின்விசிறி, கீழ்த்தெரு ஆட்டோ எல்லாம் இருக்கு.