ஒரு குண்டு உள்ளே போய் என்ன செய்யுது? காட்டுப்பன்றி, கார்பெட், டம் டம்

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருவண்ணாமலையிலிருந்து பேசறேன். இன்னைக்கு டாபிக் கொஞ்சம் வித்தியாசமானது. கோடு எழுதறவன் ஏன் துப்பாக்கிக் குண்டைப் பத்திப் பேசறான்னு நினைக்கலாம். காரணம் எங்க பெரியப்பா.

அவருக்குச் செங்கம் பக்கம் மல்லாட்டைக் கொல்லை இருக்கு. அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ராத்திரியில காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து கால்வாசியை உழுதுட்டுப் போயிடுச்சு. மறுநாள் டீக்கடையில ஒரே பேச்சு. "பன்னியைச் சுடலாம்னு கவர்மெண்ட்டே சொல்லிடுச்சுப்பா. ஒரு பெரிய ரைஃபிளா எடுத்துட்டு வந்தா ஒரே அடியில தூக்கி வீசிடும்" என்றார் ஒருத்தர். அங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு குண்டு மிருகத்தை உண்மையிலேயே தூக்கி வீசுமா?

முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன். 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி விஷயத்துல நிலத்தை மூணு பகுதியாப் பிரிச்சது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை, பிடிச்சு காட்டுல விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனா சுடறது வனத்துறை ஆட்கள் மட்டும்தான். விவசாயி சுட்டா 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதனால "எப்படிச் சுடறது"ன்னு சொல்லித்தர்ற எபிசோட் இல்லை இது. நம்ம ஊர் நிலத்துல, நம்ம பேரைச் சொல்லி ஒரு உயிரை எடுக்கப்போறாங்கன்னா, அது எப்படி நடக்குதுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

சரி, கணக்குக்கு வருவோம். நடுத்தர அளவு ரைஃபிள்னு சொன்னா உதாரணத்துக்கு ஜிம் கார்பெட் வெச்சிருந்ததையே எடுத்துக்கலாம். 1907-ல சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்னதுக்குப் பரிசா அவருக்குக் கிடைச்சது .275 ரிக்பி ரைஃபிள். பேர்தான் இங்கிலீஷ்காரங்களோடது. தோட்டா 1892-ல ஜெர்மனியின் மவுசர் கம்பெனி உருவாக்கின 7×57. குண்டோட குறுக்களவு சுமார் 7.2 மில்லிமீட்டர், நம்ம சுண்டுவிரலை விட ஒல்லி. எடை சுமார் 9 கிராம். வேகம் நொடிக்கு 820 மீட்டர்னு வெச்சுக்குவோம்.

எடையையும் வேகத்தையும் பெருக்கினா உந்தம் வரும். பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ். 0.009 கிலோ பெருக்கல் 820, கிட்டத்தட்ட 7.4. இந்தக் குண்டு 80 கிலோ பன்றி உடம்புல மொத்தமா நின்னுடுச்சுன்னே வெச்சாலும், பன்றிக்குக் கிடைக்கற வேகம் நொடிக்கு 9 சென்டிமீட்டர். எறும்பை விட கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். 140 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கிரிக்கெட் பந்தோட உந்தம் 6.2. ஆக, தள்ளற விஷயத்துல ரைஃபிள் குண்டும் வேகப்பந்தும் ஏறக்குறைய ஒண்ணு. குண்டு மிருகத்தைத் தூக்கி வீசறதா இருந்தா, சுடறவரையும் பின்னால தூக்கி வீசியிருக்கணும். சினிமா வேற, நியூட்டன் வேற.

ஆனா ஆற்றலைப் பாருங்க. பந்துக்கு 120 ஜூல் இருக்கும். குண்டுக்கு 3,000 ஜூல். 25 மடங்கு. அந்த ஆற்றல் எங்கே போகுது? தள்ளறதுக்கு இல்லை, சதையைக் கிழிக்கறதுக்கு. எவ்வளவு கிழிக்கும், எங்கே கிழிக்கும்னு முடிவு பண்றது குண்டோட கட்டுமானமும் அது பட்ட இடமும்தான். நம்ம வேலையில சொல்ற மாதிரின்னா, சர்வர்ல எவ்வளவு ரேம் இருக்குன்னு மட்டும் பார்த்து ஆப் வேகமா ஓடும்னு சொல்ல முடியாது.

ஒரு மிருகம் குண்டால சாகறது முக்கியமா ரெண்டு வழியில. மூளையோ முதுகுத் தண்டோ அடிபட்டா உடனே விழும். இதயம், நுரையீரல் கிழிஞ்சா ரத்த அழுத்தம் இறங்கி விழும். ரெண்டாவது வழியில, இதயமே சிதைஞ்சாலும் மூளையில மிச்சம் இருக்கற ஆக்சிஜனை வெச்சு பத்துப் பதினஞ்சு நொடி ஓடும். அதனால "சுட்டும் ஓடிடுச்சு, தோட்டா சரியில்லை"ன்னு அவசரமா முடிவுக்கு வரக்கூடாது. குடல்ல பட்டாதான் கொடுமை. மணிக்கணக்கா, சில சமயம் நாள்கணக்கா உயிரோட கிடக்கும்.

குண்டு உள்ளே எப்படி நடந்துக்குதுங்கறதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு பெரிய கதை இருக்கு. 1895-ல சித்ரால் படையெடுப்பு, இன்னைக்கு அது பாகிஸ்தான்ல இருக்கு. பிரிட்டிஷ் இந்தியப் படைகிட்ட .303 ரைஃபிள், குறுக்களவு 7.7 மில்லிமீட்டர். ஈயக் குண்டைச் சுத்தி முழுசா கெட்டியான உலோக உறை. அந்தக் குண்டு ஊசி மாதிரி உள்ளே போய் அந்தப் பக்கம் வந்துடுது, ஆளை நிறுத்தலைன்னு சிப்பாய்கள் புகார் பண்ணாங்க. அப்போ கல்கத்தா பக்கத்துல டம் டம் ஆயுதச் சாலையில கேப்டன் பெர்ட்டி-கிளே ஒரு மாற்றம் செய்தார். மூக்குல மட்டும் உறையை எடுத்துட்டு ஈயம் வெளியே தெரியற மாதிரி விட்டார். பட்டதும் மூக்கு காளான் மாதிரி விரியும், காயமும் அகலமாகும். இன்னைக்குக் கல்கத்தா ஏர்போர்ட் இருக்கற பகுதிதான் அந்த டம் டம். 1899-ல ஹேக் மாநாட்டுல இந்த மாதிரி விரியற குண்டைப் போர்ல பயன்படுத்தக் கூடாதுன்னு பிரகடனம் வந்தது.

இதுல ஒரு முரண் இருக்கு, கவனிங்க. மனுஷங்க மேல கொடூரம்னு தடை பண்ணின அதே குண்டு, வேட்டையில இரக்கமானதுன்னு கட்டாயம் ஆச்சு. இங்கிலாந்தின் 1991 மான் சட்டப்படி, மானைச் சுடற ரைஃபிள் குண்டு விரியற வகையாத்தான் இருக்கணும். போர்ல நோக்கம் எதிரியைச் செயலிழக்க வைக்கறது, அவன் பிழைச்சா பரவாயில்லை. வேட்டையில பிழைச்சு அரைகுறையா ஓடறதுதான் கொடுமை. கொல்றதுன்னு முடிவு பண்ணிட்டா சீக்கிரம் முடியணும்.

அப்போ எப்பவும் விரியற குண்டுதானா? அதுவும் இல்லை. 'கரமோஜோ' பெல் என்கிற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் ஆப்பிரிக்காவுல ஆயிரத்துக்கும் மேல யானைகளைச் சுட்டவர். பெரும்பாலும் கார்பெட்டோட அதே 7 மில்லிமீட்டர் தோட்டாதான். ஆனா அவர் போட்டது விரியாத, முழு உறைக் குண்டு, எடை சுமார் 11 கிராம். யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்குன்னு படிச்சு வெச்சிருந்தார். விரியற குண்டு அந்த எலும்புக்குள்ளேயே நின்னிருக்கும். யானைகளை அப்படிக் கொன்னு குவிச்சதை நான் புகழல. ஆனா ஒரே ரைஃபிள்ல குண்டை மாத்தினா வேலையே மாறுதுங்கறதுக்கு இதை விடத் தெளிவான சாட்சி கிடையாது.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு சிக்கல். குண்டு அதிகமா விரிஞ்சா என்ன ஆகும்? 1946-ல கனடாவுல ஜான் நோஸ்லர் ஒரு மூஸைச் சுட்டார். மாட்டை விடப் பெரிய மான் அது, உடம்பு முழுக்கக் காய்ஞ்ச சேறு. வேகமான குண்டு தோள்லயே உடைஞ்சு சிதறிடுச்சு, உள்ளே போகவே இல்லை. அப்புறம்தான் நடுவுல உலோகத் தடுப்புச் சுவர் வெச்ச குண்டை அவர் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாம உள்ளே போகும்.

காட்டுப்பன்றிக்கு இது நேரடியாப் பொருந்தும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையைச் சுத்தி குருத்தெலும்பு மாதிரி கெட்டியான கவசம் இருக்கும். ஆண் பன்றிகள் ஒண்ணோட ஒண்ணு கொம்புப் பல்லால குத்திக்கறப்ப காப்பாத்தறது அதுதான். மெல்லிசான குண்டு அங்கேயே சிதறினா மேல் காயம் மட்டும்தான். பன்றியோட இதயமும் நாம நினைக்கறதை விட கீழே, முன்னங்காலுக்கு நேரா இருக்கு. ஆட்டை நினைச்சுக்கிட்டு நடு உடம்புல சுட்டா குடல்லதான் படும்.

அரைகுறைக் காயத்தோட விலை என்னன்னு சம்பாவத் புலி சொல்லும். 436 பேரைக் கொன்னதாச் சொல்லப்படற புலி அது. கொன்ன பிறகு கார்பெட் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைஞ்சிருந்தது, கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் போயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம். அதனாலதான் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாம மனுஷங்க பக்கம் வந்ததுன்னு அவர் எழுதியிருக்கார். யாரோ ஒருத்தர் சுட்டுட்டு, தப்பிச்சுப் போச்சுன்னு வீட்டுக்குப் போயிட்டார். நம்ம ஜவ்வாது மலைக்குப் பக்கத்துல ஏலகிரி வரைக்கும் வந்து ஆட்கொல்லிச் சிறுத்தையைத் தேடின கென்னத் ஆண்டர்சன் கதைகள்லயும் காயம்பட்ட மிருகம் திரும்பத் திரும்ப வரும். அவர் கையில இருந்தது .405 வின்செஸ்டர், 19 கிராம் குண்டு. குண்டு பெருசானாலும் பட வேண்டிய இடம் மாறல.

இப்போ பெரியப்பா கொல்லைக்குத் திரும்புவோம். வனத்துறை ஒரு நாள் சுட வந்தா நாம கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு பெரிய துப்பாக்கி சார்?" இல்லை. நாலு கேள்வி இருக்கு. குண்டு விரியற வகையா, ராணுவ வகை முழு உறையா? முழு உறைன்னா பன்றியைத் துளைச்சுட்டு அந்தப் பக்கமும் போகும். அடுத்தது, பின்னால என்ன இருக்கு? குறி தவறின ரைஃபிள் குண்டு 3 கிலோமீட்டர் தாண்டியும் போகும். நம்ம ஊர் கொல்லை நடுவுல மோட்டார் கொட்டா இருக்கும், அதுல ஆள் படுத்திருப்பார். அதனால பரண்ல ஏறி மண்ணை நோக்கிக் கீழே சுடறதுதான் பாதுகாப்பு. மூணாவது, எவ்வளவு தூரத்துலேர்ந்து சுடப்போறாங்க? கிட்டக்க, விளக்கு வெளிச்சத்துல, பன்றி நிக்கும்போது சுடறதுக்கும் ஓடும்போது சுடறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நாலாவது, காயம்பட்டு ஓடினா யார் பின்தொடர்ந்து போய் முடிப்பாங்க?

இதையெல்லாம் பெரியப்பாகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "அதுக்கு மின்சாரக் கம்பியே கட்டிடலாமேடா"ன்னார். இல்ல பெரியப்பான்னு உட்கார வெச்சுப் பேசினேன். திருட்டு மின்வேலியில ராத்திரி தண்ணி கட்டப் போன மனுஷங்களே செத்திருக்காங்க. அவுட்டுக்காயைக் கடிச்ச யானை வாய் சிதைஞ்சு வாரக்கணக்கா பட்டினி கிடந்து செத்திருக்கு. சம்பாவத் புலிக்கு நடந்ததும் இதுதான், ஆயுதம் மட்டும்தான் வேற. யாரைக் கொல்லும், எவ்வளவு நேரத்துல கொல்லும்னு நம்ம கையில இல்லாத எதுவும் தீர்வு ஆகாது.

அவர் முழுசா ஒத்துக்கல. ஆனா இந்த வருஷம் கம்பி கட்டல. நஷ்ட ஈட்டுக்கு மனு எழுதியிருக்கோம், கொல்லையை போட்டோ எடுத்து சேர்த்திருக்கோம். பதில் வந்தா சொல்றேன்.

உங்க ஊர்ல பன்றித் தொல்லையை எப்படிச் சமாளிக்கறீங்க? வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.