படிக்கப் போனாளா, ஊர் சுற்றப் போனாளா?

ஞாயிற்றுக்கிழமை மாலை. கிள்ளானில் ஒரு வீட்டின் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்து சேர்கிறது. நீலக் கடல், அதன் நடுவே நிமிர்ந்து நிற்கும் பாறைத் தூண்கள், முன்னால் குளிராடை அணிந்து சிரிக்கும் மகள். படத்தைப் பார்த்த அத்தை சும்மா இருப்பாரா? “என்ன அண்ணி, பிள்ளை படிக்கப் போனாளா, ஊர் சுற்றப் போனாளா?” என்று கேட்டுவிடுகிறார்.

வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தந்தையின் சேமநிதிப் பணமும் தாயின் நகையும் அந்தப் படிப்புக்குள் போயிருக்கும்போது, அது நியாயமான கேள்வியும்கூட. ஆனால், படத்தில் இருப்பது ஒரு நாள்தான். மற்ற ஆறு நாள்களையும் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

மலேசிய மாணவர்கள் அதிகம் நாடிச் செல்லும் நகரங்களுள் ஒன்றான மெல்பர்னையே எடுத்துக்கொள்ளலாம். இந்த உறவு பழையது. 1950-களிலேயே கொழும்புத் திட்டத்தின் வழி உபகாரச் சம்பளம் பெற்று மலாயா மாணவர்கள் ஆஸ்திரேலியா சென்றனர். 1998-இல் மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் பண்டார் சன்வேயில் தன் கிளை வளாகத்தையே தொடங்கியது.

அம்மாவின் பொட்டலம்

முதல் சோதனை விமான நிலையத்திலேயே காத்திருக்கிறது. அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுத்த ஊறுகாய், மசாலைத் தூள், கருவாடு அனைத்தையும் வருகை அட்டையில் தெரிவித்துவிட வேண்டும். ஆஸ்திரேலியா தன் விவசாயத்தைக் காக்க உணவுப் பொருள்களைக் கடுமையாகச் சோதிக்கும் நாடு. பச்சைக் கறிவேப்பிலையை உள்ளே விடமாட்டார்கள். தெரிவித்த பொருளை அனுமதிக்காவிட்டால், அதை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தால் அபராதம் உண்டு. விசாவே ரத்தாகவும் கூடும். ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காக மூன்றாண்டுப் படிப்பைப் பணயம் வைக்கலாமா?

அடுத்தது தங்குமிடம். அங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். அதை மாதக் கணக்கு என்று நினைத்து மகிழ்ந்து, பிறகு திகைப்பவர்களும் உண்டு. வாடகை ஒப்பந்தத்திற்குப் பொதுவாக ஒரு மாத வாடகை முன்பணமாகக் கேட்கப்படும். விக்டோரியா மாநிலச் சட்டப்படி அந்தப் பணம் வீட்டுக்காரரின் பையில் இருக்கக்கூடாது. அரசின் முன்பண வாரியத்தில் செலுத்தப்பட வேண்டும். எனவே, வீட்டை நேரில் பார்க்காமல், படத்தை மட்டும் நம்பி யாருக்கும் பணம் அனுப்பக்கூடாது.

ஆறு நாள்கள் எப்படிப் போகின்றன?

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் அங்கே குளிர்காலம். காலை ஏழு மணிக்கும் இருள் முழுதாக விலகியிருக்காது. கிள்ளான் வெயிலில் வளர்ந்த பிள்ளை அந்தக் குளிரில் எழுந்து, நேற்று சமைத்த சோற்றைச் சூடாக்கி, டப்பாவில் அடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓட வேண்டும். வெளியில் ஒரு வேளை சாப்பிடும் காசில் வீட்டில் இரண்டு நாள் சமைக்கலாம் என்பதை முதல் மாதமே கற்றுத்தந்துவிடும். வீட்டில் ஒரு தம்ளர் கழுவாத பிள்ளைகூட அங்கே போய்ப் பருப்பு வேகவைக்கப் பழகிவிடுகிறது. டாண்டினோங் புறநகரில் உள்ள இந்தியக் கடைத்தெருவில் அரிசி, பருப்பு, மசாலைப் பொருள்கள் கிடைக்கும்.

போக்குவரத்துக்கு ‘மைக்கி’ அட்டை வேண்டும். ஆயினும், 2015 ஜனவரி முதல் நகர மையத்தில் டிராம் வண்டிகளில் இலவசமாகப் போகலாம். அந்த எல்லையைத் தாண்டும்போது அட்டையைத் தொட மறந்தால், பரிசோதகரிடம் அபராதச் சீட்டு வாங்க வேண்டியதுதான்.

பகுதிநேர வேலைக்கும் விதி உண்டு. 2023 ஜூலை 1 முதல், வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வகுக்கப்பட்டது. விடுமுறைக் காலத்திற்கு அந்த வரம்பு இல்லை. 2025 ஜூலையில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டாலராக உயர்ந்தது. அதைவிடக் குறைத்து, சம்பளச் சீட்டும் தராமல், கையில் ரொக்கமாகக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. “நீ மாணவி, வெளியே சொன்னால் உன் விசா போய்விடும்” என்ற மிரட்டலுக்குப் பயந்து பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. சம்பளச் சட்டம் வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்தும் என்பதையும், தொழில் நியாயங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தில் புகார் செய்யலாம் என்பதையும் புறப்படும் முன்பே அறிந்திருப்பது நல்லது.

காசில்லாமல் பார்க்கக்கூடியவை

இனி அந்த ஏழாவது நாளுக்கு வருவோம். ஊர் சுற்றிப் பார்க்கப் பெரிய பணம் வேண்டும் என்பது தவறான எண்ணம். 1856-இல் திறக்கப்பட்ட விக்டோரியா மாநில நூலகத்திற்குக் கட்டணமில்லை. அதன் குவிமாட வாசிப்பு மண்டபம் 1913-இல் திறக்கப்பட்டது. சுற்றுப்பயணிகள் அங்கே படம் எடுத்துக்கொண்டிருக்க, மாணவர்கள் அதே மண்டபத்தின் மேசைகளில் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள். படிப்பும் பார்வையிடலும் ஒரே இடத்தில் நடக்கின்றன. தாவரவியல் பூங்காவுக்கும் தேசியக் கலைக்கூடத்தின் நிரந்தரக் காட்சிகளுக்கும் கட்டணமில்லை. 1878-இல் தொடங்கிய குவீன் விக்டோரியா சந்தையில் மூடும் நேரம் நெருங்கும்போது போனால், காய்கறிகளை விலை குறைத்துக் கூவி விற்பார்கள். நம் ஊர்ச் சந்தைக்குப் போய் வந்த நிறைவு கிடைக்கும்.

அத்தை பார்த்த படம் ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ என்ற சுண்ணாம்புப் பாறைகள். பெயரில்தான் பன்னிரண்டு. 2005 ஜூலையில் ஒரு தூண் இடிந்து விழுந்தபின் எஞ்சியவை எட்டு. அங்கே செல்லும் பெருங்கடல் சாலை 1919 முதல் 1932 வரை, முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் உழைப்பால், போரில் மாண்ட தோழர்களின் நினைவாக அமைக்கப்பட்டது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு அந்தச் சாலையில் போகும் மாணவருக்கு அது வெறும் உல்லாசப் பயணமாக இருக்காது.

கடலோரத்தில் கவனம்

பெற்றோர் உண்மையில் கவலைப்பட வேண்டியது செலவைப் பற்றியல்ல, பாதுகாப்பைப் பற்றித்தான். நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். அந்தத் துணிச்சலில் நான்கைந்து நண்பர்கள் கார் வாடகைக்கு எடுத்து, வளைந்து நெளிந்து போகும் அந்தச் சாலையில் ஒரே நாளில் போய்த் திரும்பப் பார்ப்பார்கள். போக மட்டும் நான்கு மணி நேரத்திற்கு மேலாகும். திரும்பும்போது அசதி, பொழுது சாயும் வேளையில் கங்காருகள் குறுக்கே பாயும். ஓரிரவு தங்கி வருவது, அல்லது சுற்றுலாப் பேருந்தில் போவது புத்திசாலித்தனம்.

கடலில் இறங்குவதும் அப்படித்தான். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு இடையில்தான் உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பு இருக்கும். அலையில்லாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் பெரும்பாலும் உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கும். அதில் சிக்கினால் எதிர்த்து நீந்திக் களைக்கக்கூடாது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளை கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டால் போதும். அவசர அழைப்பு எண் அங்கே 999 அல்ல, 000.

தீபாவளி நாளில்

எல்லாவற்றையும்விடக் கடினமான நாள் ஒன்று உண்டு. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் அங்கே ஆண்டிறுதித் தேர்வுக் காலம். இங்கே வீட்டில் முறுக்கு சுடும்போது, அங்கே பிள்ளை நூலகத்தில் உட்கார்ந்திருக்கும். அன்று எண்ணெய் வைக்க யாருமில்லை. முடிந்தவர்கள் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்திற்குப் போய் வருவார்கள். முடியாதவர்கள் அறையில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பார்கள். அந்தப் படத்தை அவர்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அம்மா அழுவார் என்று தெரியும்.

ஆகவே, சிரிக்கும் படம் வரும்போது கோபப்பட வேண்டியதில்லை. படமே வராமல், “நல்லா இருக்கேன்மா” என்ற ஒரு வரி மட்டும் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால்தான் அழைத்துப் பேச வேண்டும். எத்தனை புள்ளி எடுத்தாய் என்று கேட்கும் முன், என்ன சமைத்தாய், யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். அழைக்கும்போது நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்பர்ன் நமக்கு இரண்டு மணி நேரம் முந்தியது; அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மூன்று மணி நேரம். கிள்ளானில் இரவு ஒன்பது மணிச் செய்தி முடிந்து அழைத்தால், அங்கே நள்ளிரவை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். மறுநாள் காலை அந்தப் பிள்ளைக்கு வகுப்பு இருக்கும்.